மகனுக்கு நாலு அரியர்: டியூஷனுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: திங்கள்சந்தைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகன் நாகர்கோவிலைத் தாண்டி ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம், நல்ல மார்க். இப்போது ரிசல்ட் வந்ததில் நாலு அரியர். முதல் செமஸ்டர் மேத்ஸ் இரண்டாம் தடவையும் போய்விட்டது. கூடவே இரண்டாம் செமஸ்டர் மேத்ஸ், இன்ஜினியரிங் கிராபிக்ஸ், எலக்ட்ரிக்கல். கேட்டால் "எல்லாவனுக்கும் அரியர் உண்டு, நீங்க பேடிக்காதீங்கம்மா" என்கிறான். அப்பா சவுதியில் இருக்கிறார். டியூஷன் சென்டரில் ஒரு பேப்பருக்கு ஆறாயிரம் கேட்கிறார்கள். உறவினர்கள் கல்லூரியை மாற்றச் சொல்கிறார்கள். கல்லூரிக்குள்ளேயே இவனுக்கு உதவி ஏதும் உண்டா? நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். அங்கே போய் யாரைப் பார்க்க, என்ன கேட்க என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உதவி உண்டு. நீங்கள் கட்டிய ஃபீஸிலேயே அதுவும் அடங்கியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிள்ளையைத் தேடி வந்ததுபோல கல்லூரியில் யாரும் தேடி வரமாட்டார்கள், பிள்ளைதான் தேடிப் போகவேண்டும். அதுவும் செமஸ்டரின் முதல் ஐந்தாறு வாரத்துக்குள் போனால்தான் முழுப் பலன். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கிய பிறகு போய் நின்றால், நல்ல ஆசிரியராலும் "முக்கியமான கேள்விகளை" குறித்துக் கொடுக்கத்தான் முடியும்.

முதலில் கல்லூரி மாற்றும் பேச்சை விட்டுவிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், தன்னாட்சி (பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தானே வைத்துக்கொள்ளும் உரிமை) இல்லாதவை எல்லாவற்றிலும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். தோவாளையில் எழுதினாலும் மார்த்தாண்டத்தில் எழுதினாலும் அதே கேள்விதான். மாற்றத்துக்கு அனுமதி வாங்க அலைய வேண்டும், அரியரும் கூடவே வரும். அதில் செலவாகும் மாதங்களில் இரண்டு பேப்பரை எடுத்துவிடலாம்.

அடுத்து, இந்த நாலு பேப்பரும் எப்படிப் போயின என்று பார்க்கவேண்டும். "சரியாகப் படிக்கவில்லை" என்பது அதற்குப் பதிலாகாது. மார்க் எங்கே கசிந்தது என்று தெரிய, கணக்கு கொஞ்சம் புரிய வேண்டும். பொறுமையாக வாசியுங்கள், பத்தாவது படித்தவருக்குத் தாராளமாகப் புரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி ஒரு தியரி பேப்பருக்குக் கல்லூரியே போடும் இன்டெர்னல் 40, பல்கலைக்கழகப் பரீட்சை 60. பரீட்சையை 100 மார்க்குக்கு நடத்தி 60 ஆகக் குறைப்பார்கள். தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை: பரீட்சையில் மட்டும் 100க்கு 45 வேண்டும், இன்டெர்னலும் சேர்த்து மொத்தம் 50 வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். இன்டெர்னலில் 23 வைத்திருப்பவனுக்குப் பரீட்சையில் 45 போதும். 45ஐ 60க்குக் குறைத்தால் 27. 27உம் 23உம் ஐம்பது. இன்டெர்னலில் 12தான் என்றால் அதே பையன் பரீட்சையில் 64 எடுத்தால்தான் பாஸ். இருபத்துமூன்றுக்குக் கீழே இன்டெர்னலில் குறையும் ஒவ்வொரு மார்க்கும் பரீட்சையில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மார்க்காக வந்து கழுத்தை நெரிக்கும்.

அந்த 40 எங்கிருந்து வருகிறது? ஒரு செமஸ்டரில் இரண்டு மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எழுத்துத் தேர்வு, மீதி 40 அசைன்மென்ட், செமினார் போன்றவை. அதாவது கடைசியில் வரும் 40 இன்டெர்னல் மார்க்கில் 16, வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுக்கும் வேலைக்கு. ஒழுங்காக, நேரத்துக்குக் கொடுத்தவன் அதில் 13 வாங்கிவிடுவான். 23க்கு இன்னும் 10 வேண்டும். தேர்வுகளின் பங்கு 24. பாதிகூட எழுதவேண்டியதில்லை. பல பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. அசைன்மென்ட்டைக் கடைசி நாள் நண்பனைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள், அல்லது கொடுப்பதே இல்லை. பிறகு பரீட்சையில் 50 வாங்கியும் ஃபெயில் என்று வரும்போது, பேப்பர் திருத்தியவர் மேல் கோபம் வருகிறது.

அரியர் பேப்பருக்கு முதல் தடவை வாங்கிய இன்டெர்னலே தொடரும், அதை இனி கூட்ட முடியாது. அதனால்தான் இந்த மூன்றாம் செமஸ்டர் பேப்பர்களின் இன்டெர்னலை இப்போதே காக்கவேண்டும் என்று சொல்கிறேன். சில முயற்சிகளுக்குப் பிறகு பரீட்சை மார்க்கை மட்டும் வைத்துத் தேர்ச்சி கொடுக்கும் விதியும் உண்டு. எத்தனையாவது முயற்சியில் என்பதை அவன் சேர்ந்த வருஷத்து விதிமுறையைப் பார்த்து ஆசிரியர் சொல்வார், கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கலை அறிவியல் கல்லூரியில் பிள்ளை படிக்கும் வாசகர்களுக்கு: மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பொதுவாக இன்டெர்னல் 25, பரீட்சை 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விகிதம் வேறானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

இனி யாரைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன்.

உங்கள் மகனுக்கென்று ஒரு ஆசிரியர் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறார். விதிமுறைப் புத்தகத்தில் அவருக்குப் பேர் ஃபேக்கல்டி அட்வைசர். கல்லூரியில் மென்டர் என்றோ கிளாஸ் அட்வைசர் என்றோ சொல்வார்கள், கலைக் கல்லூரிகளில் டியூட்டர் என்றும் சொல்வதுண்டு. துறைத் தலைவர் கொஞ்சம் பிள்ளைகளைப் பிரித்து ஒவ்வொரு ஆசிரியரிடமும் விட்டிருப்பார். வருகைப் பதிவையும் முன்னேற்றத்தையும் கவனிப்பது, அரியருக்குப் பதிவு செய்வதில் ஆலோசனை சொல்வது, தேவைப்பட்டால் பெற்றோரிடம் பேசுவது, எல்லாம் அவருடைய வேலையில் எழுதியே இருக்கிறது. ஆகவே நீங்கள் கூப்பிடுவதைத் தொந்தரவாக நினைத்துத் தயங்கவேண்டாம். மகனிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "உனக்க மென்டர் யாரு?" பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

போன் செய்வதானால் மாலை வகுப்பு முடிந்த பின் செய்யுங்கள். "எனக்க மவன் எப்படிப் படிக்கான் சார்?" என்று கேட்டால் "பரவாயில்லம்மா, இன்னும் நல்லா படிக்கணும்" என்றுதான் பதில் வரும். அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எண்ணைக் கேளுங்கள். இந்த மாதம் வருகை எத்தனை சதவீதம்? முதல் மதிப்பீடு எந்தத் தேதியில்? எந்தப் பேப்பரில் அசைன்மென்ட் பாக்கி? அரியர் பேப்பருக்கு ஸ்பெஷல் கிளாஸ் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் எடுக்கிறார்? நாலு கேள்வியையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசி, பதிலையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கூப்பிடும்போது அந்தத் தாள் உதவும். நேரில் போவதானால் மகனையும் பக்கத்தில் நிறுத்திப் பேசுங்கள். அவன் இல்லாத இடத்தில் பேசினால், அவன் மென்டரை உளவாளியாகப் பார்க்கத் தொடங்குவான். பிறகு அந்தக் கதவு அவனுக்கு அடைத்துவிடும்.

இங்கே நம் மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்மிஷன் ஃபாரத்தில் பெற்றோர் எண் என்ற இடத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அப்பா வளைகுடாவில் இருப்பார், அந்த இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக்கிடக்கும். கல்லூரியிலிருந்து "இன்று வரவில்லை", "தேர்வில் தேர்ச்சி இல்லை" என்று போன எஸ்.எம்.எஸ். எல்லாம் யாரும் பார்க்காத எண்ணுக்குப் போயிருக்கும். சில வீடுகளில் பிள்ளையே தன் இரண்டாவது எண்ணைக் கொடுத்திருப்பதும் உண்டு. ஆபீஸில் போய் உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

வருகைப் பதிவை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், நம் பல்கலைக்கழகத்தில் அரியரால் வருஷம் போகாது, வருகை குறைந்தால்தான் போகும். 75 சதவீதம் வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் என்றால் மருத்துவச் சான்றிதழ் போன்ற தக்க காரணம் காட்டி அனுமதி வாங்கலாம். 65க்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். இந்தச் சதவீதத்தை நாளை வைத்து அல்ல, பீரியடை வைத்துக் கணக்கிடுவார்கள். திங்கள்சந்தையிலிருந்து பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் போகும் பையன் தினமும் முதல் பீரியடுக்குப் பதினைந்து நிமிஷம் பிந்தினால், ஒரு நாளும் லீவு போடாமலேயே எட்டு பீரியடில் ஒன்றை இழக்கிறான். அதாவது பன்னிரண்டரை சதவீதம். அதன்மேல் நாலைந்து கல்யாணம், ஒரு காய்ச்சல், ஊர்க் கோயில் கொடை, சர்ச் திருவிழா. அதோடு முதல் பீரியட் மேத்ஸ் என்றால், மேத்ஸ் போனதன் காரணம் பஸ்ஸில் இருக்கிறது. டைம் டேபிளை வாங்கிப் பாருங்கள். முந்தின பஸ்ஸுக்கு மாறுவதாக இருந்தாலும் மாறட்டும்.

மென்டருக்கு அடுத்த கதவு அந்தந்தப் பாட ஆசிரியர். அதற்கும் மேலே கிளாஸ் கமிட்டி என்று ஒன்று உண்டு, பெற்றோரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியர் தலைவராக, இவர்கள் செமஸ்டரில் சில தடவை கூடுவார்கள். பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்பது அந்தக் கமிட்டியின் கடமைகளில் ஒன்று. "சார் வேகமாகப் போகிறார்", "இந்த யூனிட் புரியவில்லை" என்பதை வகுப்புப் பிரதிநிதி மூலம் அங்கே சொல்லலாம், தனியாள் பெயர் வராது. பயந்த பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

ஸ்பெஷல் கிளாஸ், ரெமிடியல் கிளாஸ் என்று கல்லூரிகள் நடத்துவதில் தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சில இடங்களில் அருமையாக நடக்கும். சில இடங்களில் கையெழுத்து வாங்குவதோடு சரி, அறுபது பேரை உட்காரவைத்துப் பழைய வினாத்தாளைப் போர்டில் எழுதிப்போடுவார்கள். அப்படி என்றால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆசிரியரிடம் தனியாக வாரம் இருபது நிமிஷம் கேட்பதே மேல். அதிலும் வெறுங்கையோடு போய் "சார், மேத்ஸ் புரியல" என்றால் அவரால் எங்கிருந்து தொடங்க முடியும்? ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, எந்த வரியில் நின்றுபோனானோ அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு நோட்டைக் கொண்டுபோகவேண்டும். அப்படி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் மிகக் குறைவு.

இப்போது அவசரமான ஒன்று. ரிசல்ட் வந்து சில நாள்தான் ஆகிறது என்றால், விடைத்தாள் ஃபோட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்கும் தேதி இன்னும் இருக்கலாம். அந்தக் கால அவகாசம் மிகக் குறுகியது. நாளைக் காலையிலேயே கல்லூரியின் பரீட்சைப் பிரிவான எக்ஸாம் செல்லில் போய்க் கேட்கட்டும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். விடைத்தாள் வந்ததும் பாடம் எடுத்த ஆசிரியர் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மார்க் தகும் என்று பார்த்துப் பரிந்துரைத்தால்தான் ரீவேல்யூவேஷனுக்கு, அதாவது மறுபடி திருத்தச் சொல்வதற்குப் போகலாம். லேப் பேப்பருக்கு இந்த வசதி கிடையாது. நாலுக்கும் கட்டவேண்டாம், பாஸுக்கு ஐந்தாறு மார்க் குறைந்ததற்கும், இரண்டு தடவை போன மேத்ஸுக்கும் கட்டுங்கள்.

மார்க் கூடாவிட்டாலும் அந்தக் காசு வீணில்லை. அந்தத் தாளைவிட நல்ல நோய்க்குறிப்பு வேறு கிடைக்காது. மகன் ஆசிரியரோடு உட்கார்ந்து மூன்று நிறப் பேனாவில் குறிக்கட்டும். தெரியாமலே விட்ட கேள்விக்கு ஒரு நிறம், தெரிந்தும் கூட்டல் கழித்தல் குறியில் தவறியதற்கு இன்னொன்று, தெரிந்தும் எழுதத் தெரியாமல் விட்டதற்கு மற்றொன்று. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளின் எலக்ட்ரிக்கல் பேப்பரில் இந்த மூன்றாவது நிறம்தான் அதிகம் வரும். ட்ரான்ஸ்ஃபார்மரின் படம் சரியாக இருக்கும், பாகங்களின் பெயர் சரியாக இருக்கும், அடியில் "வேலை செய்யும் விதம்" இரண்டு வரியில் நின்றிருக்கும். 13 மார்க்கில் 5 விழும். அது பாடம் தெரியாத குறை அல்ல, ஆங்கிலத்தில் எட்டுப் பத்து வாக்கியம் கோர்க்கும் பழக்கம் இல்லாத குறை. மருந்தும் வேறு: ஒரு யூனிட்டுக்கு நாலு விடையைச் சின்னச் சின்ன வாக்கியங்களில், எண் போட்டு, தானே எழுதி, ஆங்கில ஆசிரியரிடமோ பாட ஆசிரியரிடமோ திருத்தி வாங்கவேண்டும். அச்சடித்த கைடை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் விழுந்துவிடும்.

இனி பேப்பர் பேப்பராக. அடுத்த பரீட்சைக்கு நாலு அரியருக்கும் பணம் கட்டட்டும், ஆனால் முழுமூச்சாகத் தயாராவது இரண்டுக்கு. இந்த செமஸ்டரின் சொந்தப் பேப்பர்கள் வேறு இருக்கின்றன.

முதலில் எடுக்கவேண்டியது இரண்டாம் செமஸ்டர் மேத்ஸ். அதில் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும்தான் பாடம். கருதுகோள் சோதனை, இடைச்செருகல், ரங்கே-குட்டா என்று ஒவ்வொன்றுக்கும் படிகள் நிலையானவை. சூத்திரம் தெரிந்து கால்குலேட்டரைத் தவறாமல் தட்டத் தெரிந்தால் மார்க் வரும். பழைய கால்குலஸ் பலவீனம் இங்கே அவ்வளவு உதைக்காது. இரண்டாவது கிராபிக்ஸ். இது படிக்கும் பேப்பர் அல்ல, கை பழகும் பேப்பர். யூடியூபில் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், பரீட்சையில் மினி டிராஃப்டரை வைத்ததும் கை ஓடாது. பிள்ளைகள் அதிகம் தவறுவது திண்மங்களின் வீழ்ச்சியில் (சாலிட்ஸ் புரொஜக்‌ஷன்). அச்சு சாய்ந்த கூம்பையோ பட்டகத்தையோ நேரடியாகச் சாய்ந்த நிலையிலேயே வரையப் போவார்கள். முதலில் நேராக நிற்கும் நிலையில் மேல்தோற்றமும் முன்தோற்றமும் வரைந்து, பிறகு முன்தோற்றத்தைச் சாய்த்து, அதிலிருந்து புள்ளி புள்ளியாகக் கீழே இறக்கவேண்டும். புள்ளிகளுக்குப் பெயர் போடாமல் இறக்கினால் எந்த விளிம்பு மறைவு, எந்த விளிம்பு தெரிவது என்று குழம்பும். வாரம் மூன்று படம், ஷீட்டில், நேரம் வைத்து. டிராயிங் ஹால் மாலையில் திறந்திருக்குமா என்று கேட்கட்டும். இதே பேப்பரைக் கடந்த மூன்றாம் வருஷ அண்ணன்மார் ஒருவர் பக்கத்தில் நின்றாலே போதும், டியூஷன் தேவையில்லை.

முதல் செமஸ்டர் மேத்ஸ்தான் கடினம், இரண்டு தடவை போனதில் வியப்பும் இல்லை. ஐந்து யூனிட்டில் பெரும்பகுதி கால்குலஸ். பிளஸ் டூவில் தொகையிடலைச் சரியாகப் பிடிக்காத பிள்ளை இங்கே வழுக்கும். அதைவிடக் கவலை, இதே ஓட்டை மூன்றாம் செமஸ்டர் மேத்ஸிலும் வந்து நிற்கிறது. ஃபூரியே தொடர் என்று தொடங்கினால் ஒவ்வொரு கணக்கிலும் தொகையிடல், பெர்னூலி சூத்திரம். ஆகவே இவனுக்கு வேண்டியது "முக்கிய கேள்விகள்" அல்ல. பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தையே எடுத்து வகையிடல், தொகையிடல் இரண்டு அதிகாரத்தையும் ஒரு மாதம், தினம் ஐந்து கணக்கு போட்டு முடிப்பது. தமிழில் படித்தவன் தமிழிலேயே திரும்பப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை, கணக்கின் வரிகள் எந்த மொழியிலும் ஒன்றுதான். அந்த மாதத்திலேயே, கால்குலஸ் தேவைப்படாத அணிகள் (மேட்ரிக்ஸ்) யூனிட்டைத் தனியாக முடித்துவிடலாம்.

வினாத்தாள் அமைப்பும் இதற்குக் கைகொடுக்கும். மேத்ஸ் பேப்பரில் பத்து டூ மார்க், ஐந்து பதினாறு மார்க் கேள்வி. யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க், ஒரு பதினாறு என்று வரும், பதினாறில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு 20. மூன்று யூனிட்டை அடிவரை தெரிந்தவன் 60க்கு எழுதலாம். ஐந்தையும் மேலாகப் பார்த்தவனுக்கு முப்பதுகூடத் தேறாது. ஆனால் அவனுடைய இன்டெர்னலைப் பார்த்து, எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப மூன்றா நாலா என்று முடிவு செய்யவேண்டும்.

டியூஷனுக்கு வருகிறேன். நாலு பேப்பருக்கு இருபத்துநாலாயிரம் கொடுக்கவேண்டாம். ஆசிரியரிடம் மூன்று வாரம் போய்ப் பார்த்தும் முதல் செமஸ்டர் மேத்ஸ் நகரவில்லை என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள். கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கட்டும். ஆசிரியர் மட்டும் போட்டுக்கொண்டே போகிறாரா, பிள்ளைகளைப் போடவைத்துத் திருத்துகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கல்லூரி விட்டு நாகர்கோவிலில் டியூஷனும் முடித்து இரவு எட்டரைக்கு வீடு சேரும் பையன், மறுநாள் அசைன்மென்ட்டை எப்போது எழுதுவான் என்பதையும் யோசியுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவையும் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்ப் பரீட்சை எழுதினால்தான் கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது. ஆனால் அரியர் பையனுக்கு அதை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள், நீளமான பாடங்கள், பாதியில் நிற்கும். ஆசிரியர் "இந்தப் பகுதியை மட்டும் பார்" என்று குறித்துக் கொடுத்தால் பலன் உண்டு. நூலகத்தில் பழைய வினாத்தாள் தொகுப்பு இருக்கும், ஐந்து வருஷத் தாளை ஜெராக்ஸ் எடுத்து யூனிட் வாரியாகப் பிரித்து ஒட்டட்டும். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் பயிற்சிகள் வேலைக்கான திறனுக்கு நல்லவை, ஆனால் அவை அரியரை எடுத்துத் தராது.

மற்றொன்று: அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில் வரவேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண். வராவிட்டால் கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததே பல இடங்களில் தடையாக இருக்கிறது.

"எல்லாவனுக்கும் அரியர் உண்டு" என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் அரியர் நிலுவையில் இல்லாதவர்களையே உட்காரவிடும் என்பதும் உண்மை. அதை நீங்கள் சொன்னால் திட்டுவதாகப் படும், ப்ளேஸ்மென்ட் அதிகாரி சொன்னால் கேட்பான். அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்குள் வெட்கமும் இருக்கலாம். பள்ளியில் நல்ல மார்க் வாங்கிப் பெயரெடுத்த பிள்ளை, வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது பின் பெஞ்சுக்கு நகர்ந்து, பிறகு கேள்வி கேட்பதையே விட்டிருப்பான். ஆகவே பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள், அப்பாவுக்குப் போன் போட்டுத் திட்டவைக்காதீர்கள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் அந்தக் கோபம், அவனை இன்னும் கொஞ்சம் மறைக்கத்தான் பழக்கும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் அறையை அடைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறான் என்றால், படிப்பு விஷயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பாருங்கள். கல்லூரிக் கவுன்சிலர் இருப்பார். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "செத்துப்போகலாம்போல இருக்கு" என்ற பேச்சு வந்தால் அன்றே அழைத்துக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள். எழுத்துக்களை மாற்றி எழுதுவது, வாசிக்க அசாதாரண நேரம் எடுப்பது பள்ளியிலிருந்தே இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

இந்த வாரத்தின் வேலை இவ்வளவு: நாளை அவன் எக்ஸாம் செல்லில் ஃபோட்டோகாப்பி தேதியையும், அரியர் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியையும் கேட்டு வரட்டும். ஃபீஸ் தேதி தவறினால் ஒரு முயற்சி முழுதாகப் போய்விடும். நீங்கள் போன் எண்ணை மாற்றி, மென்டரிடம் அந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். டைம் டேபிளையும் முதல் மதிப்பீட்டுத் தேதியையும் அடுக்களைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐந்தாம் செமஸ்டருக்குள் நாலும் முடியக்கூடியவைதான். முதல் மதிப்பீட்டு மார்க் வந்ததும், ஒவ்வொரு பேப்பரின் இன்டெர்னலையும் குறித்து இன்னொரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பேப்பருக்குப் பரீட்சையில் எத்தனை வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.